1851: எண்ணப்பட்டவர்களும் இருந்தார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த 1851-ஆம் ஆண்டு பிரிட்டன் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். லண்டன் ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சிக்காக மரங்களை வெட்டாமல் உள்ளேயே விட்டுக் கட்டிய கண்ணாடி மாளிகை, அதைப் பார்க்க வந்த 60 லட்சம் பேர், ஒரு ஷில்லிங் சீட்டு வாங்கி நுழைந்த தொழிலாளர்கள், பஞ்சாபிலிருந்து பறித்துக்கொண்டு போய்க் கூண்டுக்குள் வைத்த கோஹினூர் என எல்லாம் சுவையாக இருந்தது. ஆனால் அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரே ஒரு வரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதல் முறையாக நகரவாசிகளின் எண்ணிக்கை கிராமவாசிகளைத் தாண்டியது என்பதோடு முடித்துவிட்டார்கள்.

அயர்லாந்து என்ன ஆயிற்று? 1801 முதல் அதுவும் அந்த ராஜ்ஜியத்தின் பகுதிதானே.

அங்கும் மார்ச் 30, 1851 இரவை வைத்துத்தான் கணக்கெடுத்தார்கள். 1841-இல் 81,75,124 பேர் இருந்த நாட்டில் 65,52,385 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். பஞ்சம் வராதிருந்தால் 90 லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்று கணக்கெடுப்பு ஆணையர்களே எழுதினார்கள். 1845-இல் உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அந்தக் கிழங்கை விட்டால் வேறு சாப்பாடு இல்லை. பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள். அந்த வருஷங்களிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து ஓட்ஸும் மாடுகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இதைச் சொல்லாமல் பிரிட்டனின் ஓராண்டு வாழ்க்கை என்று எப்படி எழுத முடியும்?

நான் 2011-இல் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போன ஆசிரியை. ஒரு வீட்டில் பாட்டி, "போன தடவ ஏழு பேரும்மா, இப்ப நாலுதான்" என்றார். இல்லாத மூவரையும் எழுத என் படிவத்தில் இடமில்லை. 1851-இல் அயர்லாந்துப் படிவத்தில் அந்த இடம் இருந்தது. வீட்டில் இருப்பவர்களோடு, வெளியூரில் இருப்பவர்கள், பத்து ஆண்டுகளில் இறந்தவர்கள், எதனால் இறந்தார்கள் என்பதையும் கேட்டார்கள். அந்த மரணக் கணக்கைத் தொகுத்தவர் டப்ளின் மருத்துவர் வில்லியம் வைல்ட், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் அப்பா. ஆனால் குடும்பமே அழிந்த வீடுகளுக்கு அந்தப் படிவத்தில் பதில் சொல்ல யார் இருந்திருப்பார்கள்? அதை நினைத்துத்தான் இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் படிவங்களில் பெரும்பாலானவை 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டன. அதற்கு முன்பே அவற்றுக்கு ஒரு வேலை வந்திருந்தது. 1909-இல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தபோது, கிழவர்களிடம் வயதுக்குச் சான்று இல்லை. அயர்லாந்தில் பிறப்புப் பதிவே 1864-இல்தான் தொடங்கியது. அதனால், "1851-இல் இந்த ஊரில், இந்தத் தாய் தகப்பனோடு என் பெயர் இருக்கிறதா, பாருங்கள்" என்று காப்பகத்துக்கு விண்ணப்பித்தார்கள். அதிகாரிகள் தேடிப் பார்த்து எழுதிய சீட்டுகள் தீயில் போகாமல் இன்றும் இருக்கின்றன. அடுத்த இதழில் அவற்றைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்