எதுவானாலும் சரி இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "அம்மா, உனக்கு எந்த மாதிரி பாட்டு பிடிக்கும்?" என்று. எனக்காக ஏதோ செயலிக்குச் சந்தா கட்டியிருக்கிறாய், பிடித்த இசை எது என்று சொன்னால்தான் அது அடுத்த பக்கத்துக்குப் போகும் என்றாய். நான் "எதுவானாலும் சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். நீயும் பழைய சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு என்று இரண்டை அழுத்திவிட்டுப் பேரன் பேச்சுக்குப் போய்விட்டாய்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது உண்மை இல்லை. 63 வயதில் முதல் தடவையாக ஒருவர் இதை என்னிடம் கேட்டிருக்கிறார், அதற்கும் வாயில் வந்தது அந்தப் பழைய பதில்தானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாப்பாட்டுக்கும் சேலைக்கும் போகிற ஊருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. பாட்டு விஷயத்தில் எனக்கு அப்படி இல்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று நன்றாகவே தெரியும். போனில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பிடித்தது நாகஸ்வரம். அதிலும் தூரத்திலிருந்து கேட்கிற நாகஸ்வரம்.

மாயவரத்தில் எங்கள் தெரு வழியாக மாயூரநாதர் சுவாமி புறப்பாடு வரும். ஐப்பசி மாதம் காவிரியில் துலா ஸ்நானத்துக்கு ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கும், உற்சவ நாட்களில் ராத்திரியெல்லாம் மேளம்தான். வயதுக்கு வந்த பிறகு என்னை ராத்திரிப் புறப்பாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். என் தாத்தாவும் அண்ணன்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் ரேழியில் பாயை விரித்துக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

கோயிலில் சுவாமி கிளம்பும்போது மல்லாரி. கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பார்கள். அதற்குப் பாட்டு வரிகள் கிடையாது, தவிலின் நடைதான் அதற்கு உயிர். அது கேட்டால் சுவாமி வாசல் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வீதி திரும்பியதும் ராகம் ஆரம்பிக்கும். ஏதாவது ஒரு முக்கில் சுவாமியை நிறுத்தி வைத்துவிட்டு ஒரே ராகத்தை அரை மணி, முக்கால் மணி என்று வாசிப்பார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தால் முழுசாகக் கேட்கும். திரும்பிவிட்டால் பாதிதான் வரும், மீதியை நானே மனசுக்குள் போட்டு நிரப்பிக்கொள்வேன். இத்தனை வருஷம் கேட்டும் வாசித்தவர் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசியில் சுவாமி பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி ராகம் வரும். அதற்குள் பெரும்பாலும் தூங்கிவிடுவேன்.

ராகங்களில் எனக்குத் தோடி. இதை யாரிடமும் சொன்னதில்லை என்பதால் எழுதும்போதே என்னவோ போல இருக்கிறது. பாட்டு கற்றுக்கொள்ள எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் தோடியின் காந்தாரம், அந்த 'க' ஸ்வரம், எப்படி இருக்கும் என்று தெரியும். அது ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி அதைக் காட்ட முடியாது. நாகஸ்வரத்தில் துளையைப் பாதி மூடி, மூச்சைக் கூட்டிக் குறைத்து, உதட்டை இறுக்கித் தளர்த்தி அந்த அசைவைக் கொண்டுவருகிறார்கள். அதனால்தான் அந்த ராகமும் அந்த வாத்தியமும் ஒன்றுக்காக ஒன்று பிறந்த மாதிரி எனக்குப் படுகிறது.

தோடி என்றால் எங்கள் பக்கத்தில் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான். நான் பிறக்கும் முன்பே, 1956 டிசம்பரில், அவர் போய்விட்டார். தாத்தா அவரை நேரில் கேட்டவர். எப்படி வாசித்தார் என்று கேட்டால் தாத்தாவுக்குச் சொல்ல வராது, கையை மட்டும் மேலே தூக்கி மெதுவாக இறக்கிக் காட்டுவார். நான் கேட்டது இசைத்தட்டில் வந்த தோடிதான். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். மணிக்கணக்காக வாசித்த மனிதரை அவ்வளவு சின்ன இடத்தில் அடைத்திருக்கிறார்களே என்று அப்போது எனக்கு அழுகையே வந்தது. இருந்தும் அந்த மூன்று நிமிஷம் போதும், பாப்பா. அவர் யார் என்று தெரிந்துவிடும்.

அவர் காலத்துக்கு முன்பு திமிரி என்கிற குட்டை நாகஸ்வரம்தான் அதிகம் புழங்கியது. அதற்குச் சுருதி அதிகம், சத்தம் கூர்மையாக இருக்கும். நீளமான பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தியவர் ராஜரத்தினம் பிள்ளை. அதை அவருக்காகச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி.

அந்த நரசிங்கம்பேட்டைக்கு எனக்குப் பதிமூன்று வயதில் அப்பா ஒரு வேலையாகப் போனபோது என்னையும் ரயிலில் கூட்டிப்போனார். ஒரு பட்டறை வாசலில் நின்று பார்த்தோம். ஆச்சா மரக் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் பழைய வீடு இடித்த தூணும் உத்தரமும். புது மரம் வெடித்துவிடுமாம், வருஷக்கணக்கில் காய்ந்த கட்டைதான் வேண்டும் என்றார்கள். ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, கட்டை சுழல, இன்னொருவர் உளியை வைத்துக் கடைந்துகொண்டிருந்தார். கருஞ்சிவப்பாகத் தூள் பறந்தது. பாதி கடைந்த குழல் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். இரும்பு மாதிரி கனம். உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தக் கடைசியில் சின்னதாக வெளிச்சம் தெரிந்தது. இன்னும் விரல் துளை போடவில்லை. அந்த மர வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

2022-ல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் வந்தது. அதை வெட்டி என் பீரோவில், உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் இருக்கிற பையில் வைத்திருக்கிறேன். உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு புறப்பாடும் இல்லை, மேளமும் இல்லை. காலையில் ரேடியோவில் மங்கள இசை வைப்பார்கள், அது மட்டும்தான். வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது, அதில் எது பாட வேண்டும் என்பது என் கையில் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்போதெல்லாம் அப்படித்தான். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாடிய 'சிங்கார வேலனே' எப்போதாவது வரும். அதில் கூட வருகிற நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது. ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். எல்லோரும் ஜானகி குரலுக்காகக் கேட்பார்கள், நான் அவருக்காகக் கேட்பேன். அந்தப் பாட்டு வந்தால் நான் அடுப்பைக் குறைப்பேன், நீ கவனித்திருக்க மாட்டாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கல்யாணத்தன்று விடிகாலை நாலு மணி. மண்டபத்தில் மேளக்காரர்கள் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மைக் இன்னும் போடவில்லை. நான் காபி கொண்டுபோனேன். பெரியவர் நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "ஐயா, கொஞ்சம் தோடி வாசிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தவில்காரரைப் பார்த்துக் கையமர்த்தினார். சுருதிக்கு ஊதுகிற ஒத்து மட்டும் பக்கத்தில் இழைய, பத்து நிமிஷம் வாசித்தார். நான் அப்படியே பின்னுக்கு நகர்ந்து நடைக் கோடிக்குப் போய், காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிட்டத்தில் நின்றால் எனக்கு அது வேறாக இருக்கிறது. மாடியில் உனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். நீ அங்கிருந்து "அம்மா, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்" என்று கத்தினாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது. கோபமில்லை கண்ணு, உனக்கு அது என்னவென்று நான் ஒருநாளும் சொல்லித்தரவில்லையே.

சரி, எது பிடிக்காது என்றும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் மேளக்காரர் இல்லாத இடத்தில் ஸ்விட்சைப் போட்டால் டமடமவென்று அடிக்கிற மின்சார முரசு இருக்கிறதே, அதை என்னால் தாங்கவே முடியாது. அது அடிக்கிற சன்னிதியில் ஒரு குடும்பத்தின் சோறு போயிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரத்துக்கு மைக்கைக் கிட்டே வைத்து அலற விடுவதும் வேண்டாம். தெருவுக்கே கேட்க வேண்டும் என்றுதானே அந்த வாத்தியத்தைச் செய்தார்கள், அதற்கு மைக் எதற்கு?

ஆகவே அந்தச் செயலியில் நீ அழுத்திய இரண்டையும் எடுத்துவிடு. கர்நாடக இசை என்று பொதுவாக அழுத்தினால் வாய்ப்பாட்டும் வயலினும்தான் நிறைய வரும். பெயர் போட்டுத் தேடு: ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம், திருவீழிமிழலை சகோதரர்கள், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா. மௌலானா சாகிப் ஆந்திராவில் பிறந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்து குடியேறியவர், அவர் வாசிப்பில் ஒரு நிதானம் உண்டு. உனக்கு முதலில் அவரைத்தான் கொடுப்பேன். தோடி பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இயர்போன் அனுப்புகிறேன் என்றாயே, அது வேண்டாம். காதுக்குள்ளே வாசிக்கிற நாகஸ்வரம் எனக்குச் சரிப்படாது. தை மாதம் வரும்போது சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வா. ஹாலில் ஜன்னல் பக்கம் வைத்துவிட்டு நீ அங்கேயே உட்கார்ந்துகொள். நான் சமையலறையில் இருப்பேன், அங்கிருந்து எனக்கு நன்றாகக் கேட்கும்.

பேரனுக்குக் கை கால் எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே. அங்கே குளிர் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அம்மா