திரும்பும்போது மட்டும் பிசினஸ் கிளாஸ் போதும், மக்ளே

தக்கலை

மக்ளே,

அப்பாவுக்கும் எனக்கும் அபுதாபிக்குப் போக, வர இரண்டு பக்கமும் பிசினஸ் கிளாஸ் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போகும்போது வேண்டாம். திரும்பும்போது போடு. உன் ஆசைக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று நினைக்காதே. டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறவள் கணக்கோடு சொல்கிறேன், கேள்.

திருவனந்தபுரத்திலிருந்து அங்கே ஆகாயத்தில் ஏறக்குறைய நாலேகால் மணி நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கையை நிமிர்த்தியே வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் முக்கால் மணிக்குக் குறையாது. சாப்பாடு வந்து, தட்டு எடுத்துப் போக இன்னும் ஒன்றேகால் மணி. மிஞ்சுகிற இரண்டேகால் மணி நேரந்தான் அந்த இருக்கையைச் சாய்த்துப் போட்டு அனுபவிக்கிற நேரம். பதினாலு மணி நேரம் அமெரிக்காவுக்குப் பறக்கிறவர்கள் சொல்கிற சுகத்தை இந்தத் தூரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கொழும்புக்கு என்றால் மொத்தமே ஒரு மணி நேரந்தான். அதற்குப் பிசினஸ் கிளாஸ் எடுப்பது, ஒரு கிளாஸ் ஜூஸுக்கு ஓட்டலையே விலை பேசுவது மாதிரி.

விலையை ஒப்பிடுகிற முறையிலும் எல்லாரும் சறுக்குவார்கள். எகானமி விலையை மட்டும் எடுத்துப் பிசினஸ் விலைக்குப் பக்கத்தில் வைக்காதே. எகானமியில் முன்வரிசை இருக்கைக்குக் கட்டும் காசு, கூடுதல் கிலோவுக்குக் கட்டும் காசு, லவுஞ்சுக்கு, அதாவது விமான நிலையத்துச் சொகுசுக் காத்திருப்பு அறைக்கு, கட்டும் காசு மூன்றையும் முதலில் கூட்டு. அதற்குப் பிறகு வருகிற வித்தியாசந்தான் அந்த இருக்கைக்கு நீ கொடுக்கிற வாடகை. சும்மா ஒரு கணக்குக்கு எகானமி 15,000, பிசினஸ் 55,000 என்று வை. இருக்கைக்கு 2,000, பத்துக் கிலோவுக்கு 6,000, லவுஞ்சுக்கு 2,000 சேர்த்தால் எகானமி 25,000 ஆகிறது. வித்தியாசம் 30,000. இரண்டேகால் மணியால் வகுத்தால் ஒரு ஆளுக்கு மணிக்கு 13,000 ரூபாய்க்கு மேலே. இங்கிருந்து புறப்படும் டிக்கெட்டுக்கு வரியும் வேறு: 2025 செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 18 சதவீதம்.

ஓணம், கிறிஸ்துமஸ், ஸ்கூல் லீவு சமயத்தில் மட்டும் இந்தக் கணக்குத் திரும்பும். எகானமி மடங்கு மடங்காக ஏறும். பிசினஸ் அந்த வேகத்துக்கு ஏறாது. வித்தியாசம் சுருங்கிவிடும். டிசம்பரில் யாருக்கு டிக்கெட் போட்டாலும் இரண்டு விலையையும் பார்த்துவிட்டே போடு.

திரும்பும்போது மட்டும் போடச் சொல்வதற்குக் காரணம் இரவு. போவதற்குப் பகல் விமானம் பார். பகலில் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பேச ஆள் கிடைத்தால் பேசிக்கொண்டு வந்துவிடுவார், தூங்க மாட்டார். வருகிற விமானங்களில் பல அங்கே ராத்திரி ஏறி இங்கே விடியுமுன் இறங்குகிறவை. அதில் இரண்டு மணி நேரம் காலை நீட்டிக் கண்ணயர்ந்தால் மறுநாள் முழுவதும் பிழைக்கும். பெட்டி கனக்கிறதும் திரும்பும்போதுதான். பல கம்பெனிகள் வளைகுடாத் தடத்தில் பிசினஸுக்கு 40 கிலோ தருகின்றன. நாற்பது கிலோ என்றாலும் ஒரே பெட்டியில் அடைக்காதே. 32 கிலோவுக்கு மேல் கனக்கிற பெட்டியை எந்த வகுப்பிலும் வாங்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டில் போக எகானமி, வர பிசினஸ் என்று போட முடியும். வெப்சைட்டில் அந்த வசதி கண்ணில் படாவிட்டால் என்னிடம் சொல், நான் போடுகிறேன்.

பிசினஸ் என்றாலே படுக்கை என்று எண்ணிவிடாதே. டிக்கெட் திரையில் விமானத்தின் குறி இருக்கும். 32என் என்றால் ஏ320 நியோ, 32கியூ என்றால் ஏ321 நியோ, 7எம்8 என்றால் 737 மேக்ஸ், 77டபிள்யூ என்றால் பெரிய 777. நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானங்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டாக, சாய்கிற இருக்கைதான் இருக்கும். எகானமியில் வரிசைக்கு வரிசை 30 அங்குலம் சுமார் என்றால் இதில் 38க்கு மேல். அகலம் 17, 18க்குப் பதில் 20, 21. முட்டு இடிக்காது, தோள் உரசாது, அவ்வளவுதான். ஏ321 நியோவில் சில கம்பெனிகள் முழுப் படுக்கையும் வைத்திருக்கின்றன, இருக்கை வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் நீ தேர்ந்தெடுத்த இருக்கை எண்ணும் போய்விடும். புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரு தடவை பார்.

அப்பாவுக்கு வலி இடது முழங்காலில். அதனால் வலப்பக்க ஜோடியில் நடைபாதை ஓரத்து இருக்கை எடு. அங்கே உட்கார்ந்தால் நடைபாதை அவருக்கு இடப்பக்கம் வரும், அந்தக் காலைப் பைய வெளியே நீட்டலாம். இடப்பக்க ஜோடியில் போட்டால் நீட்ட வசதியாக இருப்பது நல்ல கால். ஜன்னலோரம் எனக்குப் போதும். முதல் வரிசையை எடுக்காதே. முன்னால் சுவர்; கைப்பையை ஏறும்போதும் இறங்கும்போதும் மேலே வைக்கச் சொல்வார்கள், மருந்து கைக்கு எட்டாது.  பிசினஸின் கடைசி வரிசையில் சில விமானங்களில் பின்னால் தடுப்பு இடித்து முழுசாகச் சாயாது. நடு வரிசை நல்லது.

வீல்சேருக்காகப் பிசினஸ் எடுக்க வேண்டியதில்லை. அது எந்த வகுப்புக்கும் உண்டு. ஆனால் 48 மணி நேரத்துக்கு முன்னால் கேட்டு, டிக்கெட்டில் சரியான குறி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று குறி உண்டு. டபிள்யூசிஹெச்ஆர் என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார். டபிள்யூசிஹெச்எஸ் என்றால் படி ஏற முடியாது, உள்ளே இருக்கை வரை நடப்பார். டபிள்யூசிஹெச்சி என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டாவது. வெறுமனே 'வீல்சேர்' என்று டிக் அடித்தால் பெரும்பாலும் முதல் குறிதான் விழும். விமானம் கட்டிடத்தோடு சேர்ந்த நடைபாலத்தில் நிற்காமல் தூரத்தில் நின்றால் பஸ்ஸில் கொண்டுபோய் படிக்கட்டின் கீழே இறக்கிவிட்டு ஏறச் சொல்வார்கள். இரண்டாவது குறி இருந்தால் தூக்கு வண்டி வர வேண்டும்.

வீல்சேர் இருந்தால் கவுண்டரிலும் இமிக்ரேஷனிலும் எப்படியும் தனி வழியில் தள்ளிக்கொண்டு போவார்கள், கூடப் போகிற எனக்கும் அதே வழி. பிசினஸ் வரிசைக்காகக் கொடுக்கிற காசில் பாதி அங்கேயே வீண். இறங்கும்போது வீல்சேர்க்காரர் கடைசியில்தான் இறங்குவார். 'பிரையாரிட்டி' அட்டை கட்டின பெட்டி முதலில் வந்து பெல்ட்டில் சுற்றிக்கொண்டே கிடக்கும். உனக்கு வரிசையில் நிற்பதுதான் கஷ்டம் என்றால் டிடிபி என்கிற விரைவு இமிக்ரேஷன் திட்டத்தில் பதிந்துகொள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 2025 செப்டம்பரில் திருவனந்தபுரத்துக்கும் வந்துவிட்டது. ஒரு தடவை கைரேகை கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியே போய்விடலாம்.

சர்க்கரைக்காரர் சாப்பாட்டுக்கு டிபிஎம்எல், இந்து சைவச் சாப்பாட்டுக்கு ஏவிஎம்எல் என்று 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும், பிசினஸிலும்தான். பன்னிரண்டு இருக்கைக்குப் பன்னிரண்டு தட்டு ஏற்றுகிற இடத்தில், பின்னால் உட்கார்ந்தவருக்குக் கேட்டது கிடைக்கும் என்று உறுதியில்லை. டிபிஎம்எல் உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும்; மேலே போனால் நாக்குக்கும் ருசி குறையும். அப்பா முணுமுணுப்பார், விடு. அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், மாத்திரை நேரத்தை அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும். ராத்திரி விமானத்தில் லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம் என்று ஏறியவுடன் சொல்லிவிடுவதுதான் காசுக்குப் பலன். ஆனால் லவுஞ்சு சேர்ந்த டிக்கெட்டா என்று பார். 'லைட்', 'ஸ்பெஷல்' என்ற பெயரில் சில கம்பெனிகள் விற்கிற மலிவுப் பிசினஸில் லவுஞ்சும் இருக்கைத் தேர்வும் கிடையாது, ரத்து செய்தால் பணமும் திரும்பாது. வயசானவர்களுக்குத் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்தான் வேண்டும்.

எகானமி டிக்கெட் போட்டுவிட்டு, ஏலத்தில் தொகை சொல்லிப் பிசினஸுக்கு அப்கிரேட் கேட்கலாம் என்று உன் கூட்டுக்காரன் சொன்னதாக எழுதியிருந்தாய். கேட்கலாம். தொகை ஒரு ஆளுக்கு, ஒரு பயணத்துக்கு என்று இருக்கும். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்தால் பொதுவாக இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கிடைக்கும் அல்லது கிடைக்காது. பதில் கடைசி ஒன்றிரண்டு நாளில் வரும். கிடைத்தாலும் பல இடத்தில் பெட்டிக்கு எகானமி கிலோதான். நிபந்தனையைப் படிக்காமல் நாற்பது கிலோ கட்டிக்கொண்டு போய்க் கவுண்டரில் நிற்கக் கூடாது.

எந்த வகுப்பில் போனாலும் மாறாத சில சங்கதி. கசகசா ஒரு கிராம்கூட அந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மசாலாப் பொடிக்குள்ளும் இருக்கக் கூடாது. அதனால் இந்தத் தடவை குருமாப் பொடி கிடையாது. கொப்பரை பெட்டியில் ஏற்ற மாட்டார்கள், தீப்பிடிக்கிற சாமான் கணக்கு. கருப்பட்டி, நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, நல்லமிளகு பெட்டியில் வரும். தேங்காய் எண்ணெயும் மீன் ஊறுகாயும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் ஆகாது. அப்பாவின் கால் எரிச்சலுக்கு எழுதின மாத்திரை பிரீகாபலின். அது அங்கே கட்டுப்பாடு உள்ள மருந்து. அந்த நாட்டு அரசின் வெப்சைட்டில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் சீட்டை ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன், நீயே விண்ணப்பித்துவிடு. இன்சுலின் கைப்பையில்தான் வரும். கீழே பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம்.

பெயரும் பார்க்கணும். 2022 நவம்பர் முதல் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அந்த நாட்டு விசிட் விசா சிக்கல். நம் பக்கத்தில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகத்தான் கிடக்கிறது. எனக்கும் அப்பாவுக்கும் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கிறது. உன் மாமியார் பாஸ்போர்ட்டை என் மருமகளிடம் சொல்லிப் பார்க்கச் சொல்.

தேதி பங்குனியில் விழுந்தால் பத்மநாபசுவாமி ஆறாட்டு எந்த நாள் என்று பார். வருஷத்தில் இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஊர்வலம் திருவனந்தபுரம் விமான நிலைய ஓடுபாதையைத் தாண்டிச் சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானம் ஏறவும் இறங்கவும் செய்யாது, நேரத்தை முன்னே பின்னே மாற்றிவிடுவார்கள். மற்றபடி இங்கிருந்து போய்க் காரோடு என்கிற இடத்தில் பைபாஸைப் பிடித்தால் விமான நிலையத்துப் பக்கமுள்ள சாக்கை வரை ஒரே ஓட்டம். அதற்கு முன்னால் மார்த்தாண்டமும் களியக்காவிளையும்தான் நேரத்தைத் தின்னும். டிரைவரிடம் 'டெர்மினல் 2, சாக்கைப் பக்கம்' என்று சொல்லிவிடுவேன், சங்குமுகத்துக்குப் போய்விட்டால் சுற்றிக்கொண்டு வரணும்.

டிக்கெட் போட்டவுடன் ஆறெழுத்துப் பிஎன்ஆரை மட்டும் அனுப்பாதே. அது இடம் பிடித்து வைத்ததற்கும் வரும். பதின்மூன்று இலக்க டிக்கெட் எண் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வந்திருக்கிறதா என்று பார்த்து அதை அனுப்பு. வீல்சேர்க் குறியை நான் கம்பெனிக்குப் போன் போட்டுச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

அம்மா