ஓயில் குடிக்காத கார்

கிளிநொச்சி
ஆவணி மாதம்

அன்பின் மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். கார் வாங்குவது பற்றி நீ அனுப்பிய குரல்பதிவுகள் மூன்றையும் இரண்டு தடவை கேட்டேன். தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இடையில் புகுந்து என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுக் கூப்பிடு.

முதலில் ஊர்ச் செய்தி. சிறுபோக அறுவடை முடிந்தது. இரணைமடுத் தண்ணீர் இம்முறை உன் அக்காவின் வயல் வாய்க்கால்வரை குறைவில்லாமல் வந்தது. அக்காவுக்கு முழங்கால் வலிதான் மாறவில்லை. சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. கராஜில் காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. என் இளையவள் அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இந்தக் கதையில் அவளுக்கும் பங்கு உண்டு.

சரி, கார்.

நீ படம் அனுப்பிய அந்த மஸ்டா ஆர்எக்ஸ்-8ஐப் பார்க்க நானும் மகளும் போன ஞாயிறு வவுனியாவுக்குப் போனோம். விற்பவர் நல்ல மனிதர். தேநீர் தந்தார், பதிவுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். லீசிங் கடன் எதுவும் இல்லை. அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றன. சிவப்பு நிறம், ஆறு கியர், பின்கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும் அந்த அமைப்பு. நேரில் பார்த்தால் படத்தைவிட அழகு. நீ ஏன் தூங்கவில்லை என்று எனக்கு விளங்கியது.

ஆனால் நான் போனதும் பொனற்றில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. நாங்கள் வருமுன் அவர் எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார். குற்றமாகச் சொல்லவில்லை, விருந்தினர் வருமுன் வாசல் கூட்டுவதுபோல என்று அவர் நினைத்திருக்கலாம். இருந்தாலும் பாவித்த கார் பார்க்கப் போகிறவன் எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் முதலில் பார்க்க வேண்டும். "நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன், அதுவரை திறப்பைத் தொடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டு, அன்றிரவு மகளோடு அவளுடைய மாமி வீட்டில் தங்கினேன்.

காலையில் குளிர்ந்த எஞ்சின் உடனே பிடித்தது. ஓமந்தை தாண்டிப் புளியங்குளம்வரை நானே ஓட்டினேன். மச்சான், அந்த இருபது நிமிடத்தைப் பற்றி உனக்கு எழுதாவிட்டால் நான் பொய்யன். ஏ9 வீதியில் எழுபதுக்கு மேல் போகக்கூடாது என்பது உனக்குத் தெரியும், பொலிஸாரும் மரத்தடிகளில் நிற்கிறார்கள். இந்தக் காருக்கு அந்த எழுபதே போதும். முதலாம் கியரில் மிதித்தேன். ஏழாயிரம் சுற்று, எட்டாயிரம், சத்தம் முரடாகவில்லை, மெல்லிதாகி மெல்லிதாகி மேலே போகிறது. ஒன்பதாயிரத்தை நெருங்கியதும் உள்ளேயிருந்து ஓர் ஒலிப்பான் கீச்சிட்டு, அடுத்த கியரைப் போடு என்றது. வேகமுள் அப்போதுதான் அறுபது. மகள் பக்கத்து இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அழாமல் இருந்ததே பெரிது.

உன் அப்பாவின் மொறிஸ் மைனர் நினைவிருக்கிறதா? 1098 சிசி, 48 குதிரைவலு. இந்த மஸ்டாவின் எஞ்சின் 1308 சிசிதான். இருநூறு சிசி கூடுதல், அவ்வளவே. ஆனால் யப்பானில் விற்ற உயர்வலு மொடலுக்கு 250 குதிரைவலு என்று கணக்கு. இது ரோட்டரி எஞ்சின், பிஸ்டன் மேலும் கீழும் அடிக்காததுதான் காரணம். ஓரங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று, ஆட்டுக்கல்லுக்குள் குழவி உருளுவதுபோல அறைக்குள் உருண்டு சுற்றுகிறது. அப்படி இரண்டு. அதே குடும்பத்து எஞ்சின்தான், நான்கு முக்கோணங்களோடு, 1991இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. யப்பானிய நிறுவனமொன்று அந்தப் பந்தயத்தை வென்றது அதுதான் முதல் தடவை. செம்மஞ்சளும் பச்சையும் பூசிய அந்த 55ஆம் இலக்கக் காரின் படத்தை ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து வெட்டி, உங்கள் வீட்டுக் கார்க் கொட்டிலில் சோற்றுப் பசையால் ஒட்டினோமே. இந்த ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் மனைவி கேட்டால் அதைச் சொல்.

இனிக் கசப்பான பகுதி.

புளியங்குளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி திறப்பைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. எண்ணினேன். ஏழு வரை எண்ணிய பிறகுதான் இருமிக்கொண்டு எழுந்தது. இந்த எஞ்சினில் சூட்டில் பிடிக்கத் தயங்கினால் உள்ளே அமுக்கம் குறைந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

திரும்பி வந்து விற்பவரிடம் ஓயில் பற்றிக் கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார்: "ஒரு துளி ஓயில் குடிக்காது அண்ணை. ஒரு சேர்விசுக்கும் அடுத்ததுக்கும் இடையில் நான் தொட்டதே இல்லை." எனக்கு நெஞ்சு திக்கென்றது. வேறு எந்தக் காராக இருந்தாலும் அது நற்சான்றிதழ். இந்தக் கார் ஓயில் குடிக்க வேண்டும். முக்கோணத்தின் முனைகளில் உள்ள தகடுகள், ஏபெக்ஸ் சீல் என்பார்கள், சுவரில் உரசாமல் வழுக்குவதற்காக எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாக ஓயிலை அறைக்குள் தெளித்து எரிக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு தடவை பெற்றோல் அடிக்கும்போதாவது அளவுக்கோலை இழுத்துப் பார்க்க வேண்டும். ஓயில் குறையவே இல்லை என்றால், ஒன்றில் அவர் ஓட்டவே இல்லை, அல்லது தெளிக்கும் பம்பி வேலை செய்யவில்லை. மைல்மீற்றரைப் பார்த்தால் ஓட்டியிருக்கிறார்.

அவரிடம் அனுமதி கேட்டு முன் இடது சில்லைக் கழற்றினேன். பிளக்குகள் அந்தப் பக்கம், தாழ்வாக இருக்கின்றன. இந்த எஞ்சினுக்கென்று தனி அமுக்கமானி உண்டு, என்னிடம் அது இல்லை. சாதாரண மானி ஒரே ஓர் எண்ணைத்தான் காட்டும், மூன்று முகத்தில் எது நல்லது எது கெட்டது என்று சொல்லாது. ஆனால் அதன் அடியிலுள்ள சின்ன வால்வைக் கழற்றிவிட்டால் முள் ஏறிய இடத்தில் நிற்காமல் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தடவை துள்ளும். மகள் குந்தியிருந்து தொலைபேசியில் அதைப் படம் பிடித்தாள். பிறகு வேகத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டினாள். முன் முக்கோணம்: துள்ளல், துள்ளல், துள்ளல், மூன்றும் ஒரே உயரம். பின் முக்கோணம்: ஒரு நல்ல துள்ளல், பிறகு இரண்டு சோர்ந்த துள்ளல். மறுபடி ஒன்று, பிறகு இரண்டு சோர்வு. "அப்பா, பக்கத்துப் பக்கத்து முகம் இரண்டும் குறைவென்றால், இரண்டுக்கும் பொதுவான முனைத்தகடுதானே பிழை?" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மச்சான். அவளாகவே கண்டுபிடித்தாள். அந்தக் காணொளியை இத்தோடு அனுப்புகிறேன்.

மற்றவை சிறியவை. ரயர் புதிது என்றார். பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் 3216. அதாவது 2016ஆம் ஆண்டின் 32ஆம் கிழமையில் செய்தது. அடிப்பக்கத்தில் கிரவல் கல் பட்ட காயங்கள். காற்றுவடிகட்டி செங்கல் நிறம். கியர்பெட்டி அருமை, கிளட்ச் நல்லது, உடலில் மோதிய தடம் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். "எஞ்சின் இன்னும் ஒரிஜினல், திறக்கவே இல்லை" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே, அதில் மயங்காதே. இந்த வகையில் நல்ல கையால் திறந்து, தகடுகள் மாற்றி, பற்றுச்சீட்டோடு இருக்கும் எஞ்சினுக்குத்தான் நான் கூடுதல் விலை கொடுப்பேன். வட அமெரிக்காவில் விற்ற முதல் சில வருடக் கார்களுக்கு நிறுவனமே எஞ்சின் உத்தரவாதத்தை எட்டு வருடமாக நீட்டியது. உன் ரொறொன்ரோவில் பழைய சொந்தக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்டிருந்தாய். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்தாலும் பழைய காரை இறக்க விடமாட்டார்கள், ஆர்எக்ஸ்-8 உற்பத்தியோ 2012இல் நின்றுவிட்டது. தீவுக்குள் இருப்பவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் பேராசைக்காரர் அல்லர்.

எஞ்சினைத் திறந்து செய்யலாம். உதிரிப்பாகம் யப்பானிலிருந்து எடுக்க வேண்டும், கொழும்பில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நானும் கற்றுக்கொள்வேன், கற்றுக்கொள்ள எனக்கு ஆசையாகவே இருக்கிறது. என் தயக்கம் அதில் இல்லை. உன் மூன்றாவது குரல்பதிவில் இருக்கிறது.

வட்டக்கச்சியில் அக்கா வீட்டுக் கொட்டிலில் நிறுத்துவேன், வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது மூன்று கிழமை ஓட்டுவேன், மற்ற நாட்களில் மருமகன் கிழமைக்கு ஒருதரம் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி வைப்பான் என்கிறாய். மச்சான், இந்த எஞ்சினைக் கொல்ல அதைவிட நல்ல வழி இல்லை. குளிர்ந்த எஞ்சினை எழுப்பி, சூடேறுமுன் அணைத்தால் அறைக்குள் பெற்றோல் தேங்கிப் பிளக் நனைந்துவிடும், தகடுகளிலிருந்து ஓயில் கழுவப்பட்டுவிடும். அடுத்த கிழமை பிடிக்காது. பிடிக்கும்வரை மருமகன் பற்றறி சாகும்வரை திருப்புவான். இதற்கிடையில் எலி வயரைக் கடிக்கும், குளவி குழாய்க்குள் மண்கூடு கட்டும். கொட்டிலிலிருந்து பிரதான வீதிவரை உள்ள கிரவல் ஒழுங்கையில் இவ்வளவு தாழ்ந்த கார் ஒரு மாரி தாங்காது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல்தான் தந்தார்கள். லீற்றருக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் ஓடும் இந்தக் கார் அன்று இருந்திருந்தால், வவுனியாவுக்குப் போய்வரவே அது மட்டுமட்டு. அப்படிக் காலம் திரும்ப வந்தால் யார் ஓட்டுவது?

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்த மொறிஸை நாமிருவரும் எப்படி ஓட்டினோம்! கார்பரேற்றருக்குள் சின்னப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல், பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்று. வெள்ளைப் புகை, வயிற்றைக் குமட்டும் மணம். ஆனாலும் ஓடியது. 1996இல் கிளிநொச்சியை விட்டு எழும்பியபோது உங்கள் வீட்டையே அக்கராயனுக்கு இழுத்துச் சென்றது. நீ கனடா போன பிறகு அப்பா ஒவ்வொரு காலையும் அதைச் சந்தைவரை ஓட்டிப் போவார், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும். 2009 தை மாதம் இரணைப்பாலைவரை அதில்தான் வந்தார். அங்கிருந்து நடந்தார். அதன் பிறகு அந்தக் காரைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை.

2011இல் ஓர் உழவு இயந்திரத்துக்குப் பாகம் தேடி முள்ளிவாய்க்கால் பக்கம் போனேன். குவித்துக் கிடந்த வாகனங்களுக்குள் அது நின்றது. நிறம் போய்விட்டது, சில்லுகள் இல்லை, பொனற் இருந்த இடத்தில் எருக்கலை முளைத்துப் பூத்திருந்தது. வலது கதவில் கைபிடி உடைந்தபோது நான் பற்றவைத்த பித்தளைத் துண்டு இன்னும் இருந்தது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பிடித்து இழுத்தேன். கதவு திறந்தது. அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, உனக்கும் எழுத முடியவில்லை. நிற்கிற காரைப் பார்க்க எனக்கு இனி மனம் இடம் தராது, அதுவும் உன்னுடைய காரை.

ஆகவே என் முடிவு இது. அக்கா வீட்டுக் கொட்டிலுக்காக இந்தக் காரை வாங்க நான் துணைவரமாட்டேன். உனக்கு ஓட்ட வேண்டும் என்றால் அங்கேயே ஒன்று வாங்கு. உறைபனி உப்பு அடிப்பக்கத்தை அரித்திருக்கும், தூக்கிவைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதே. கோடையில் ஒவ்வொரு கிழமையும் ஓட்டு, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டு.

இல்லை, கார் வன்னியில்தான் இருக்க வேண்டும் என்று உன் மனம் நின்றால், எஞ்சின் வேலைச் செலவு முழுவதையும் விலையில் கழித்து, என் கராஜில் நிறுத்தத் தா. முதல் வேலையாக நானும் மகளும் எஞ்சினைத் திறப்போம். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முறிகண்டிவரை ஓடி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஒலிப்பான் கீச்சிடும்வரை ஒருதரமாவது மிதிப்போம். கணக்கு முழுவதும் எழுதி வைப்பேன்.

விற்பவரிடம் ஒரு கிழமைத் தவணை கேட்டிருக்கிறேன். முற்பணம் எதுவும் கொடுக்கவில்லை. காணொளியையும் அவருக்குக் காட்டிவிட்டேன். அமைதியாகப் பார்த்தார், "ஓயில் விசயம் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை" என்றார். விலை குறைப்பார் என்றே நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிடு. இங்கே இரவு ஒன்பதுக்குப் பிறகு என்றால் மகளும் வீட்டில் இருப்பாள், அவளோடும் பேசலாம். பித்தளைத் துண்டு என் மேசை இலாச்சியில் இருக்கிறது. நீ வரும்போது தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்