இடுப்பு 26

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, சரிம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காகிதம். அப்பாவிடம் காட்டவில்லை, கவரை ஒட்டித்தான் போஸ்ட் பண்ணக் கொடுப்பேன். படிக்கும்போதே தெரியும் ஏன் என்று.

மார்கழி சீசனில் நீ ஆடப்போகிற பரதநாட்டிய டிரஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அளவைப் பார்த்தேன். இடுப்பு 26. டைப் அடிக்கும்போது விரல் வழுக்கிவிட்டது போல என்று நினைத்து, பீரோவிலிருந்து அளவு நோட்டை எடுத்தேன். போன சித்திரையில் 28½. மார்பு, தொடை, கை எல்லாமே இறங்கியிருக்கிறது, உயரம் மட்டும் அப்படியே. அந்த நோட்டில் உன் பக்கம் உன்னுடைய ஏழு வயதில் ஆரம்பிக்கிறது. வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வந்த கணக்கு. வளர்கிற பிள்ளை என்று உள்ளே ரெண்டு விரல் துணி விட்டுத் தைத்து, அடுத்த சிவராத்திரிக்குப் பிரித்துவிடுவேன். உன் டிரஸ்ஸைப் பிடித்துத் தைக்க வேண்டிய வேலை இதுவரை எனக்கு வந்ததில்லை.

அதே மெசேஜில் கடைசி வரியாக "குதிகால் கொஞ்சம் வலிக்குது, ஒண்ணுமில்ல" என்று போட்டிருந்தாய். கொஞ்சம் என்றால் எவ்வளவு? போன வருஷத்துப் பச்சைப் பட்டு டிரஸ்ஸைப் போன தடவை இங்கே போட்டுவிட்டுப் போனாயே, நேற்று அதன் பைஜாமாவைப் பிரித்தேன். கவட்டைத் தையல் இடது பக்கம் மட்டும் இழுத்து இழுத்து விட்டுப்போயிருக்கிறது. வலது பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. முப்பது வருஷமாகத் தைக்கிறேன், ஒரு காலைக் காப்பாற்றிக்கொண்டு இன்னொரு காலில் பாரத்தைப் போட்டு, முட்டியை மடக்கி அரைமண்டி உட்கார்கிறவளின் தையல் எனக்குத் தெரியும். வலி இப்போது வந்ததில்லை, மாசக்கணக்காக இருக்கிறது. சரியா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. ஆடியில் வந்து ரெண்டு வாரம் இருந்தாய். உனக்குத் தேதி வரவில்லை. கேட்டதற்கு "ரிகர்சல் ஜாஸ்தியானா அப்படித்தாம்மா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாய். எனக்கும் அப்போது அது சமாதானமாக இருந்தது. போன வாரம் நம்மிடம் பிளவுஸ் தைக்கிற டாக்டரம்மா வந்தபோது, யாரோ ஒரு பெண் என்று சொல்லிக் கேட்டேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட தினுசிலேயே அவருக்குப் புரிந்திருக்கும்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். செய்கிற வேலைக்குத் தக்கபடி சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு எதையெல்லாம் இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம் என்று பார்க்குமாம். கையில் காசு குறைந்தால் நாம் முதலில் எதை நிறுத்துவோமோ அந்த மாதிரி. முதலில் நிற்பது மாதவிலக்கு. அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். எலும்பைக் காப்பாற்றுவதே அந்த ஹார்மோன்தான். எலும்பு கெட்டிப்படுவதும் இருபதுகளோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு சேர்த்துவைத்ததைச் செலவழிப்பதுதான். உனக்கு 24 ஆகிறது. ஓட்டப்பந்தயப் பெண்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள், நடனப் பெண்கள் எல்லோரிடமும் இதைப் பார்த்திருக்கிறார்களாம். ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ஒரு நீளமான பெயரே வைத்திருக்கிறது, ஆண்பிள்ளைகளுக்கும் வருமாம். ஆக, எல்லாருக்கும் அப்படித்தான் என்று நீ சொன்னது ஒருவகையில் நிஜம். எல்லாருக்கும் வருகிறது என்பதற்காக அது நல்லதாகிவிடுமா?

அந்த எலும்பை வைத்துக்கொண்டுதான் நீ தினம் மூன்று வேகத்திலும் காலைத் தட்டித் தட்டித் தட்டடவு போடுகிறாய். வெறும் காலில், சிமென்டின் மேல் டைல்ஸ் ஒட்டிய தரையில். அடியில் இடம் விட்டுப் பலகை போட்ட மேடை என்றால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், விழுகிற அடியைக் கொஞ்சம் அது வாங்கிக்கொள்ளும். சிமென்டும் கருங்கல்லும் எதையும் வாங்காது, முழுக்கத் திருப்பிக் கொடுத்துவிடும். சிதம்பரத்தில் 1981-லிருந்து சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்கிறது, இப்போது இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் நடத்துகிறார்கள். கல் தரையில் ஒரு கார்ப்பெட்டை விரித்துவிட்டு ஆடச் சொல்வார்கள். உன் பத்தாவது வயசில் அப்படி ஆடிவிட்டு வந்து, ராத்திரி முழுக்கக் கால் குடைகிறது என்று அழுதாய். நான் தைலம் தேய்த்துவிட்டு, சுவாமிக்கு ஆடியது ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். சாரங்கபாணி கோயில் கோபுரத்தில் நடன நிலைகளைச் செதுக்கிய கரணச் சிற்பங்களைக் காட்டி, எப்படி உட்கார்ந்திருக்கு பார் என்றும் சொல்லியிருக்கிறேன். அது கல். அதற்கு முட்டி வலிக்காது. எனக்குத்தான் புத்தி இல்லை.

ஆடுவதற்கு முன்னால் தட்டிக்கும்பிடுகிறோம், மிதிக்கப்போகிறேன் என்று பூமாதேவியிடம் மன்னிப்புக் கேட்கிறோம். காலிடம் யாரும் கேட்டதில்லை.

குதிகாலைப் பற்றி டாக்டரம்மா சொன்னது இது. காலையில் எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது சுரீர் என்று வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் அநேகமாகப் பாதத்தின் அடியில் இருக்கிற பட்டையான தசைநார் வீங்கியிருக்கும். ஆடுசதையை நீட்டி மடக்கும் பயிற்சி, தண்ணீரை உறையவைத்த பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் வைத்து உருட்டுவது, கொஞ்ச நாள் ஓய்வு என்று போகலாம். ஆனால் ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் உயிர் போகிறது, ஆட ஆடக் கூடுகிறது, படுத்திருக்கும்போதும் விண் விண் என்கிறது என்றால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல்கூடப் போகும், எம்ஆர்ஐயில்தான் பிடிபடும். எக்ஸ்ரே நார்மல் என்று கையில் கொடுத்தார்களானால் அதோடு வீட்டுக்கு வந்துவிடாதே. தேதி நின்றுபோனதையும் எலும்பு டாக்டரிடம் வாய்திறந்து சொல். குதிகாலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீயாக முடிவு பண்ணி மறைத்துவிடாதே.

விரிசல் என்றால் ஆறு வாரம், எட்டு வாரம் தட்டவே கூடாது என்பார்கள். மார்கழி போய்விடும். தெரியும். நீ உடனே நடனமணி சுதா சந்திரன் கதையை எடுப்பாய், சின்ன வயசில் நான்தான் உனக்குச் சொன்னேன். 1981-இல் விபத்தில் ஒரு கால் போனது, 1984-இல் ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மேடை. நடுவில் இருக்கிற அந்த வருஷங்களை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். புண் ஆறி, செயற்கைக் காலில் நிற்கப் பழகி, நடக்கப் பழகி, அப்புறம்தான் ஆட்டம். வலியை விழுங்கிக்கொண்டு மறுநாளே யாரும் ஆடவில்லை. கேரளத்தில் கதகளி படிக்கிற பையன்களுக்கு மழைக்காலத்தில் எண்ணெய் போட்டுக் காலால் மிதித்து உழிச்சில் செய்கிறார்கள், அது படிப்பிலேயே சேர்ந்ததாம். நம் பக்கம் அவ்வளவு நீளமான வர்ணத்தை ஆடி முடித்துவிட்டு சலங்கையைக் கழற்றினதும் ஒரு காபி, அவ்வளவுதான் வைத்தியம்.

ஓய்வு என்றால் சும்மா கிடப்பதும் இல்லை. பதம் மாதிரி மெதுவான பாட்டுக்கு உட்கார்ந்தே அபிநயம் பிடிப்பது பழைய வழக்கம்தானே. கையில் தாளம், வாயில் ஜதிச் சொல்கட்டு, அடவுக் கோர்வையை மனசிலேயே அப்படியே ஓட்டு. இதை உன் டீச்சரிடம் நீயே சொல்லிவிடு. பயமாக இருந்தால் நான் பேசுகிறேன்.

இப்போது எழுதக் கஷ்டமாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு 14 வயசு, அரங்கேற்றத்துக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டே, "இன்னும் ஒரு இன்ச் குறைஞ்சா முன்னாடி விசிறி மடிப்பு என்னமா விழும் தெரியுமா" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அன்று ராத்திரி நீ இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாய், களைப்பு என்று நினைத்தேன். அதற்கப்புறம் வெளியிலும் எத்தனை பேர் சொன்னார்களோ, அரைமண்டியில் வயிறு தெரிகிறது, போட்டோவில் முகம் உப்பியிருக்கிறது என்று. ஆனால் முதலில் சொன்ன வாய் இந்த வாய்தான். நாட்டிய மேதை பாலசரஸ்வதி அம்மாவை சத்யஜித் ராய் படம் எடுத்தபோது அந்த அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல், கொடியிடை ஒன்றும் இல்லை. அந்தக் கண்ணையும் கையையும் விட்டுவிட்டு இடுப்பை யார் பார்த்தார்கள்?

காலையில் காபி, மத்தியானம் ஒரு ஆப்பிள் என்று உன் ரூமில் இருக்கிற பெண் சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் பிடுங்கிக் கேட்டேன். தண்ணீரும் குடிப்பதில்லை, ஏன் என்று எனக்கே தெரியும். பைஜாமா, விசிறி, பின்துணி, மேலே ஒட்டியாணம், அதில் பதினைந்து ஊக்கு. பாத்ரூம் போனால் திரும்பக் கட்ட அரைமணி. அதனால் ப்ரோக்ராம் அன்று காலையிலிருந்தே தொண்டையை நனைப்பதோடு சரி, அப்புறம் மூத்திரக் கடுப்பு. இந்தத் தடவை விசிறியைத் தனியாகப் பெரிய கொக்கி வைத்துத் தைக்கிறேன், ரெண்டு நிமிஷத்தில் கழற்றி மாட்டலாம். முப்பது வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை பார், ஆடுகிறவள் ஒன்றுக்குப் போவாள் என்று.

போன மார்கழி முடிந்த மறுநாள் நீ கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. மத்தியான ஸ்லாட், இருபது பேர் கூட்டம், வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தது போக உன் சேமிப்பில் மிச்சமில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்லைனில் இருக்கிறாய். யாருடைய ரீல்ஸுக்கு எத்தனை லைக் என்று எண்ணிக்கொண்டிருப்பாய். முகத்தை வைத்துத் தொழில் செய்கிறவள் நீ, விரகதாப நாயகியாக அழுது சபையையே அழவைப்பாய். வீடியோ காலில் என்னிடம் சிரிப்பு அபிநயம் பிடிக்காதே, எனக்குக் கண்ணுக்குக் கீழே பார்க்கத் தெரியும். என்னிடம் சொல்ல முடியாததை வேறு யாரிடமாவது சொல். பெரியாஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறார்கள், டெலிமானஸ் என்று மனநல உதவிக்கான போன் நம்பர், 14416. அரசாங்கம் 2022-இல் ஆரம்பித்தது, காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். பைத்தியத்துக்கா கூப்பிடச் சொல்கிறாய் என்று கேட்காதே. பல்வலிக்கு டாக்டரிடம் போவதில்லையா.

பார்சலில் எள்ளுருண்டையும் கேழ்வரகு மாவும் வருகிறது. ரிகர்சல் முடிந்ததும் வாயில் ஏதாவது போடு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளாதே. டாக்டர் செலவுக்கு அப்பா அக்கவுண்டில் போட்டிருக்கிறார். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

திருபுவனத்தில் எடுத்த அரக்குப் பட்டு மேசை மேலேயே இருக்கிறது, மாம்பழக் கலர் பார்டர். நான் கத்திரி வைக்கவில்லை. 26-க்கு வெட்டமாட்டேன். மார்கழி இல்லாவிட்டால் பங்குனிக்கு ஆகட்டும், பட்டு ஒன்றும் கெட்டுப்போகாது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, நாலு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு அளவு எடுத்து அனுப்பு. நீயே எடுக்காதே, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாய். உன் ரூமில் இருக்கிற பெண்ணை எடுக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா