“ரூல்ஸ் சார்” என்ற பதில் போதாது: தீம் பார்க் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தீம் பார்க் நடத்தும் நிர்வாகத்தினர் அனைவருக்கும்,

வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஆண்டுதோறும் பதினோராம் வகுப்பு மாணவர்களைச் சுற்றுலாவாக உங்கள் பூங்காக்களுக்கு அழைத்து வருபவர்களில் நானும் ஒருவன். ரோலர் கோஸ்டரில் ஏறும் துணிவு எனக்குப் போய்விட்டதால், அதன் கீழே மஞ்சப்பையுடன் நிற்பதே என் பணி. இந்த முறை அந்தப் பையில் 23 கைபேசிகள் இருந்தன. அவற்றில் ஏதாவது ஒன்று எந்நேரமும் ‘அம்மா’ என்று ஒளிர்ந்து அடித்துக்கொண்டே இருந்தது.

நான் நின்ற இடத்திலிருந்து ஏறுமேடை நன்றாகத் தெரியும். என் மாணவர்களைவிட மூன்று, நான்கு வயதே கூடுதலாக இருக்கக்கூடிய ஓர் ஊழியர், தோளை அழுத்தும் பாதுகாப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தபடி வந்தார். முன்வரிசையில் இருந்த ஒருவரிடம் போனை உள்ளே வைக்கும்படி கேட்டுக்கொண்டார். “டிக்கெட்டுக்குக் காசு வாங்கினீங்கல்ல, நான் வீடியோ எடுத்தா உங்களுக்கு என்ன?” என்று பதில் வந்தது. ஊழியர் சொன்னது இரண்டே சொற்கள்: “ரூல்ஸ் சார்.” வரிசையில் காத்திருந்தவர்கள் சத்தம் போடத் தொடங்கவே, போன் சட்டைப் பைக்குள் போனது, வண்டியும் புறப்பட்டது. முதல் இறக்கத்துக்கு முன்பே அந்தக் கை மறுபடி உயர்ந்ததை நான் பார்த்தேன்.

இறங்கி வந்த என் மாணவன் ஒருவன் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தான்: “அவங்க போட்டோ விக்கணும் சார், அதான் நம்மள எடுக்க விட மாட்டேங்கிறாங்க.” வெளியே வரும் வழியிலேயே, அலறும் முகங்களைத் திரையில் காட்டி அச்சிட்டு விற்கும் கவுன்டர் இருந்ததால், அவன் சொன்னதை அந்த இடத்தில் என்னால் முழுமையாக மறுக்க இயலவில்லை. ரைடுகளில் கைபேசியாலோ செல்ஃபி ஸ்டிக்காலோ படம் எடுக்க நீங்கள் விதித்திருக்கும் தடை சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் காரணத்தை நீங்கள் சொல்லாமல் விடுவதால், பார்வையாளர்கள் தாமாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார்கள் என்பதையும், அந்தக் கற்பனைக் காரணம் யாரையும் போனை உள்ளே வைக்கத் தூண்டுவதில்லை என்பதையும் தெரிவிக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

மறுநாள் வகுப்பில் பாடத்தை ஒதுக்கிவிட்டு இதையே கணக்காகப் போட்டோம். உறையோடு சேர்த்து ஒரு கைபேசி ஏறத்தாழ 200 கிராம். அது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பறந்தால், அதன் இயக்க ஆற்றல் 62.5 ஜூல். 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதனிடம் இருப்பதும் கிட்டத்தட்ட அதே ஆற்றல்தான். அந்தப் பந்தை எதிர்கொள்பவர் தலைக்கவசமும் கால்காப்பும் அணிந்து, மட்டையோடு அதை எதிர்பார்த்து நிற்கிறார். ரைடின் கீழே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

அப்போது ஒரு மாணவி, 2019-இல் உலகம் முழுவதும் பரவிய ஒரு காணொளியை நினைவூட்டினாள். ஸ்பெயினின் போர்ட் அவென்டுரா பூங்காவில், ஷாம்பலா என்ற ரோலர் கோஸ்டரில் முன்னால் இருந்தவர் தவறவிட்ட போனைப் பின்னால் இருந்த ஒருவர் அந்தரத்திலேயே பிடித்துவிட்ட காட்சி அது. “பிடிக்க முடியுதே சார்” என்றாள். நியூட்டனின் முதல் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. கையைவிட்டு நழுவிய போனும் அதைப் பிடித்தவரும் அந்தக் கணத்தில் ஒரே திசையில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள், அதனால்தான் அது கைக்கு எட்டியது. வண்டி வளைந்ததும் போன் வளையாது, போன போக்கிலேயே போகும். கீழே நிற்பவர்மீது அது முழு வேகத்தோடு விழும். எதிரே இன்னொரு வண்டி வந்தால், மோதும் வேகம் இரண்டு மடங்காகும், ஆற்றல் நான்கு மடங்காகும்.

எதிரே வண்டி வருவது வெறும் கற்பனையல்ல. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், யுனிவர்சல் நிறுவனத்தின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவில், பின்னாளில் டிராகன் சேலஞ்ச் என்று பெயர் மாற்றப்பட்ட இரட்டை ரோலர் கோஸ்டர் 1999-இல் திறக்கப்பட்டது. கால்கள் கீழே தொங்க, இரு வண்டிகளும் ஒன்றையொன்று நோக்கி வந்து, ஒன்றரை அடி இடைவெளியில் விலகிப் போகும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. 2011-ஆம் ஆண்டு கோடையில், பறந்து வந்த பொருள்கள் தாக்கிச் சில நாள் இடைவெளியில் இருவர் காயமடைந்தார்கள், அவர்களில் ஒருவர் ஒரு கண்ணை இழந்தார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே இரு வண்டிகளையும் ஒரே நேரத்தில் விடுவதை நிறுவனம் அடியோடு நிறுத்திவிட்டது. எந்த விந்தைக்காக அந்த ரைடு கட்டப்பட்டதோ, அந்த விந்தையையே யாரோ ஒருவரின் பையிலிருந்து நழுவிய பொருளுக்குப் பயந்து கைவிட நேர்ந்தது.

இனி, போன் ஏன் நழுவுகிறது என்ற கேள்வி. பள்ளத்தின் அடியில் வண்டி மேல்நோக்கித் திரும்பும்போது உடல் எடை நான்கு மடங்குவரை கூடியதுபோல் தோன்றுவதுண்டு, 200 கிராம் போனும் அப்போது 800 கிராமாகிவிடும். ஆய்வகத்தில் இருந்த ஒரு மீட்டர் மர அளவுகோலின் நுனியில் 800 கிராம் எடைக்கற்களைக் கட்டி, மறுநுனியை ஒற்றைக் கையால் பிடித்துக் கிடையாக நிறுத்தச் சொன்னேன். கபடி ஆடும் பையன்கள்கூடச் சில விநாடிகளில் கையைத் தாழ்த்திவிட்டார்கள். செல்ஃபி ஸ்டிக் என்பது அதுதான். மேட்டின் உச்சியிலோ நிலைமை தலைகீழ். அங்கே எடையே இல்லாமல் போவதால், சட்டைப் பையில் இருப்பது தானாக மிதந்து வெளியே வரும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள சீடர் பாயிண்ட் பூங்கா 2018-இல் திறந்த ஸ்டீல் வென்ஜன்ஸ் என்ற ரைடில், இருக்கையைவிட்டு உடல் எழும்பும் நேரம் மட்டும் மொத்தமாக 27.2 விநாடி. அங்கே அதே ஆண்டில், ரைடில் மட்டுமல்லாமல் அதற்கான வரிசையில் நிற்கும்போதே கைபேசி இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அமர்ந்திருப்பவர் கையையும் காலையும் எவ்வளவு நீட்டினாலும் எதிலும் படாதபடி வண்டியைச் சுற்றி இடைவெளி கணக்கிட்டே தூண்களை நிறுத்துகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு மீட்டர் கழிக்கு இடமில்லை. நீங்கள் விற்கும் புகைப்படத்தை எடுக்கும் கேமராவோ அந்த எல்லைக்கு வெளியே, போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வரியை உங்கள் புகைப்படக் கவுன்டரிலேயே எழுதி மாட்டியிருந்தால், என் மாணவனின் வாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

நழுவிய போனைத் தேடிப் போவது இன்னொரு ஆபத்து. 2015 ஆகஸ்டில் அதே சீடர் பாயிண்டில், ரேப்டர் என்ற ரைடில் தவறவிட்ட போனையும் பணப்பையையும் தேடி வேலியைத் தாண்டிய ஒருவர், மேலே வந்த வண்டி மோதி உயிரிழந்தார். அது பயணிகளின் கால்கள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும் வகை. அவ்வகை ரோலர் கோஸ்டர் இப்போது தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது.

யாரோ ஒருவர் போனை எடுத்தால் ரைடு ஏன் நின்றுபோகிறது என்பதும் மக்களுக்குத் தெரிவதில்லை. ரயில் பாதையைப் போலவே இங்கும் தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியில் ஒரு வண்டி மட்டுமே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வண்டியை நிறுத்தினால் பின்னால் வருபவை எல்லாம் அடுத்தடுத்து நின்றாக வேண்டும். 2015 ஜூனில் கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் ஒருவர் செல்ஃபி ஸ்டிக்கை எடுத்ததற்காக ஒரு ரோலர் கோஸ்டர் ஒரு மணி நேரம் அளவுக்கு நின்றது. ரைடுகளில் மட்டும் என்று அதுவரை இருந்த தடையை, அந்த மாத இறுதியில் பூங்கா முழுமைக்கும் டிஸ்னி விரிவாக்கியது.

நீர்விளையாட்டுப் பகுதி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே எடுக்கப்படும் காணொளியில் எடுப்பவர் மட்டும் இருப்பதில்லை, நனைந்த உடையில் கரையேறும் மற்றவர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். எங்கள் பள்ளி மாணவிகளில் சிலர் இதற்காகவே தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் முழுக் கட்டணம் செலுத்தியவர்கள்தாம்.

இவ்வளவு வலுவான காரணங்கள் இருக்க, உங்கள் பலகைகளில் இருப்பதோ சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட ஒரு கேமரா படம். அதே வேளையில், உங்கள் விளம்பரங்களில் முன்வரிசையில் அமர்ந்து கையில் போனோடு ரீல்ஸ் எடுப்பவர்கள் சிரிக்கிறார்கள். மேடையில் நிற்கும் அந்த இளைஞர் “ரூல்ஸ் சார்” என்று சொல்லும்போது, விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் அவரை எப்படி நம்புவார்? அந்த விளம்பரங்களை முதலில் நீக்குங்கள். போனைப் பார்த்ததும் வண்டியை விடாமல் நிறுத்தும் அதிகாரத்தை அவருக்கு எழுத்து மூலம் அளியுங்கள். வரிசை தாமதமானதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். வரிசையில் அரை மணி நேரம் நிற்பவர்களுக்குப் படிக்க வேறொன்றும் இல்லை என்பதால், அந்த 62.5 ஜூல் கணக்கைத் தமிழில் அங்கேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

பெரும்பாலானோர் போனோடு ஏறுவது படம் எடுப்பதற்காக மட்டுமன்று. மேடையோரத்தில் செருப்புகளுக்கும் கண்ணாடிகளுக்கும் நடுவே இருக்கும் திறந்த பிளாஸ்டிக் கூடையில் இருபதாயிரம் ரூபாய்ப் பொருளை விட்டுச்செல்ல யாருக்கும் மனம் வராது. கையில் இருக்கும் போன் எப்படியும் படம் எடுக்கத்தான் செய்யும். ஆர்லாண்டோவில் நான் மேலே குறிப்பிட்ட அதே பூங்கா, 2021-இல் திறந்த வெலாசிகோஸ்டரில் இருபுறமும் திறக்கும் லாக்கர்களை வைத்திருக்கிறது. ஏறப் போகும்போது ஒரு பக்கம் வைத்துவிட்டு, இறங்கி வரும்போது மறுபக்கம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. நடுவில் உலோகம் கண்டறியும் கருவியும் உண்டு. அந்த அளவுக்கு உங்களால் இப்போதே இயலாவிட்டாலும், பூட்டக்கூடிய பெட்டிகளை மேடையருகிலேயே கட்டணமின்றித் தருவது உங்கள் நுழைவுக் கட்டணத்துக்குள் அடங்காத செலவாக எனக்குத் தோன்றவில்லை.

வரும் ஜனவரியில் 46 மாணவர்களுடன் மீண்டும் வருகிறோம். லாக்கர் உண்டா, இல்லையா என்பதை முன்பதிவின்போதே தெரிவித்தால், எத்தனை மஞ்சப்பை எடுத்துவருவது என்று முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்