தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன மாதம் என் மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தான். 3.9 கிலோ. பார்த்தவர்கள் எல்லாரும் "கொழுகொழுன்னு இருக்கான்" என்று பூரித்தார்கள். அழவே இல்லை, தூங்கிக்கொண்டே இருந்தான். பால் கொடுக்க மகள் எடுத்தபோது, "அசந்து தூங்குறான், எழுப்பாதே" என்று தடுத்தது நான்தான்.

கொஞ்ச நேரத்தில் தாதி வந்து குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். பச்சைப் பிள்ளையை இப்படிக் குத்தலாமா என்று எனக்குக் கோபம். கருவியில் ரத்தச் சர்க்கரை 1.9 மில்லிமோல் (ஒரு லிட்டருக்கு) என்று வந்தது. 2.6க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டுமாம். அவர் துணியை விலக்கியபோதுதான் பார்த்தேன்: பாதம் சில்லென்று இருந்தது, விரல்கள் நடுங்கின. கன்னத்தின் உட்புறம் சர்க்கரை ஜெல்லைத் தடவி, பிள்ளையை உடனே தாயின் மார்போடு சேர்த்தார். சீம்பால் குடித்தான். அரை மணி நேரம் கழித்து மறுபடி குத்தியபோது 2.9.

மகளுக்குக் கர்ப்பத்தில் இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. தாய்க்குக் கூடுதலாக இருக்கும் சர்க்கரை பிள்ளைக்கு எப்படிக் குறையும்? மறுநாள் ஒரு தமிழ்த் தாதிதான் எனக்குப் புரியவைத்தார். தாயிடமிருந்து போகும் சர்க்கரையைச் சமாளிக்க, வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு இன்சுலின் நிறையச் சுரக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். இன்சுலின் உடனே குறையாது. அதனால்தான் முதல் சில மணி நேரம் அத்தனை கவனம். குறைமாதப் பிள்ளைக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் உடலில் சர்க்கரைச் சேமிப்பே குறைவு என்பதால் அவர்களையும் இப்படித்தான் பார்ப்பார்களாம். ரொம்பக் குறைந்து அப்படியே விட்டுவிட்டால் வலிப்பு வரலாம், மூளையும் பாதிக்கப்படலாம்.

சம்பந்தியம்மா சேனை வைக்கத் தேன் கொண்டுவந்திருந்தார். அதையும் தாதி தடுத்துவிட்டார். ஒரு வயதாகும்வரை தேன் கூடவே கூடாது.

இதெல்லாம் பிரசவத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகளுக்குக் கொடுத்த தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பிள்ளைப்பேறு பார்க்க வருவது பெரும்பாலும் என்னைப் போன்ற அம்மாக்களும் மாமியார்களும்தான். எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் புதுத் தாய் பிள்ளையை எழுப்புவதும் தூங்கவிடுவதும். இனிப்பு நீர் என்று தெரியும் அன்றே, வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்துத் தமிழில் ஒரு பத்து நிமிடம் சொல்லுங்கள். மருத்துவமனைகளை நான் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான்.

ஒரு பாட்டி,
ஈசூன், சிங்கப்பூர்