நிற்கிற காலைக் கவனி

அன்புள்ள மகனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பாலே வகுப்பில் பாரை, அதாவது கைப்பிடிக் கம்பியை, பிடித்துக்கொண்டு செய்யும்போது எல்லாம் வருகிறது, கூடத்தின் நடுவே வந்து அடாஜியோ என்கிற மெதுவான பயிற்சி ஆரம்பித்ததும் தள்ளாடுகிறேன், துள்ளிக் குதிப்பதே சுலபம் என்று எழுதியிருந்தாய். உண்மைதான், தம்பி. வேகமான அசைவில் பாதி வேலையை அந்த வேகமே பார்த்துக்கொள்ளும். மெதுவாகச் செய்யும்போது அந்த உதவி கிடையாது. காலை ஒவ்வோர் அங்குலமாகத் தசைதான் சுமந்துகொண்டு போக வேண்டும். பாலேயில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மெதுவான பயிற்சி எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

கடிதம் முழுக்கத் தூக்குகிற காலைப் பற்றியே எழுதியிருக்கிறாய். எனக்கு நிற்கிற காலைப் பற்றித்தான் தெரிய வேண்டும். பெருவிரலுக்குக் கீழே, சுண்டுவிரலுக்குக் கீழே, குதிகால் என்று மூன்று இடமும் தரையில் பதிந்திருக்கின்றனவா? பாதம் உள்பக்கம் சரிந்து, அதன் வளைவு தட்டையாகிறதா? காலை இடுப்பு மூட்டிலிருந்து வெளியே திருப்பாமல், பாதத்தை மட்டும் தரையில் ஊன்றித் திருப்பினால் அப்படித்தான் ஆகும், முழங்காலும் முறுக்கிக்கொள்ளும். திருப்பம் குறைவாக இருந்தால் இருக்கட்டும். முழங்கால் பாதம் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே.

பாரில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்து பார். காலைத் தூக்கிய பிறகு, பிடித்த கையை மெல்ல எடு. உடம்பு உடனே அந்தப் பக்கம் சாய்ந்தால், அதுவரை உன்னைத் தாங்கியது கால் இல்லை, கை.

டெவலப்பேயில், அதாவது காலை மடக்கி உயர்த்தி மெல்ல விரிக்கும் அசைவில், விரல்நுனி கணுக்காலில் தொடங்கி, நிற்கிற காலை ஒட்டியே முழங்கால் வரை ஏற வேண்டும். அப்புறம் தொடை உயர்ந்து நிற்கும். அது கீழே இறங்காமல் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி விரிய வேண்டும். தொடை எந்த உயரத்தில் அசையாமல் நிற்கிறதோ, இன்றைக்கு அதுதான் உன் உயரம். 45 பாகை தாராளம். பக்கவாட்டில் தூக்கும்போது இடுப்பெலும்பின் மேல் கை வைத்துப் பார். அந்தப் பக்க இடுப்பும் சேர்ந்து மேலே ஏறினால் காலைக் கொஞ்சம் இறக்கிவிடு.

எண்ணிக்கைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நான்கு எண்ணுவதற்குள் கால் விரிய வேண்டும் என்றால், பெரும்பாலோர் இரண்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டு மிச்சத்துக்குக் காத்திருப்பார்கள். அப்போதுதான் தொடை நடுங்கும், மூச்சு நின்றுபோகும். நான்கு முடிகிற நேரத்தில் கால் போய்ச் சேரட்டும். சேர்ந்த பிறகும் கை இன்னும் கொஞ்சம் நீளட்டும், பார்வை விரல்களைத் தாண்டிப் போகட்டும். பார்ப்பவர்களுக்கு அசைவு எங்கே முடிந்தது என்றே தெரியாது. உயரமாகத் தூக்கிய காலைவிட எனக்கு அதுதான் அழகு.

அட்டிட்யூடில், அதாவது ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை முழங்காலில் மடக்கி உயர்த்தும் நிலையில், தள்ளாடுகிறேன் என்று வருத்தப்பட்டிருந்தாய். அந்த நிலை சிற்பி ஜாம்போலோன்யாவின் மெர்க்குரி என்கிற ரோமானியக் கடவுளின் சிலையைப் பார்த்து வந்தது என்று இத்தாலிய நடன ஆசிரியர் கார்லோ ப்ளாசிஸ் 1820இல் எழுதினார். சிலை அசையாமல் நிற்கும், மனிதர்களால் முடியாது. ஒற்றைக் காலில் நிற்கும்போது கணுக்கால் ஓயாமல் திருத்திக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சின்ன ஆட்டத்தை அடக்கப் பார்த்து உடம்பை இறுக்காதே, இறுகினால் திருத்தவே வழியில்லாமல் போய்விடும். கண்ணை மட்டும் உன் கண்மட்டத்தில் ஓரிடத்தில் வை. தரையைப் பார்த்தால் தலையோடு எடையும் முன்னால் போகும். பக்கத்துக் கண்ணாடியை எட்டிப் பார்த்தாலும் அதே கதைதான்.

உடம்பு நன்றாகச் சூடான பிறகு செய், வராத பக்கத்தில் முதலில் தொடங்கு, கால் களைத்தால் நிறுத்திவிடு.

அடுத்த கடிதத்தில் ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. இடது காலில் நிற்கும்போது எந்தப் பக்கம் விழப் பார்க்கிறாய், பெருவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா? அதைத் தெரிந்துகொண்டுதான் அடுத்து என்ன செய்யலாம் என்று என்னால் சொல்ல முடியும்.

அன்புடன்,
அம்மா